மலையேறும் அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பழைய அம்பாசிடர் பாதி வழியில் பானெட்டைத் திறந்தபடி நின்றால், "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. பெரும்பாலும் வயதாகிப்போனது உள்ளே இருக்கும் தண்ணீர்தான்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, 2014 வரை உத்தரபாராவில் தயாரான கார் இது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கியாக வேண்டும். பெட்ரோல் அம்பாசிடரில் வாட்டர் பம்பும் விசிறியும் ஒரே பெல்ட்டில் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கின்றன. நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகிவிடும். இன்றைய கார்களின் மின்விசிறிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மலையிலோ எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், வண்டி ஊர்ந்து போவதால் எதிர்காற்று கிடைக்காது. போதாததற்கு, குன்னூர் உயரத்தில் திறந்த தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இங்கேதான் ரேடியேட்டர் மூடியின் அருமை தெரியும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, சமவெளியில் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். சின்னச் செலவுதான், தயங்காமல் மாற்றுங்கள்.

ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருக்கும். பித்தளையும் செம்பும் கொண்ட பழைய ரேடியேட்டரைப் பற்றவைப்பு பிரித்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவருவது எனக்கு உண்மையான கவலை. சுத்தம் செய்தபின் காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் கொதிநிலையை ஓரளவு உயர்த்தும், அதைவிட முக்கியமாகத் துருவைத் தடுக்கும். பெல்ட் தொய்வையும் இக்னிஷன் டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். டைமிங் பிந்தினாலும் சூடு ஏறும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும், தேய்மானமும் கூடும்.

முள் சிவப்பை நெருங்கினால் நிழலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து எஞ்சினைச் சற்றே வேகமாக ஓடவிடுங்கள், விசிறியும் பம்பும் சுழலட்டும். ஆனால் தண்ணீர் கொதித்து வெளியேறிவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.