கடைக்காரருக்கும் கால் வலிக்கும்: 'உட்காரும் உரிமை' என்றால் என்ன?

புடவை எடுக்கப் போனா நமக்கு உடனே ஸ்டூல் போடுவாங்க. எடுத்துக் காட்டுற அக்கா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?

கல்லூரியில் 'உலகளாவிய சமூகப் பிரச்சினைகள்' பாடம் படித்தபோது, தொழிலாளர் உரிமை என்றால் எனக்கு வங்கதேசம்தான் ஞாபகம் வரும். 2013-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அது. ஆனால், கடை ஊழியர்களுக்குப் போதிய இருக்கை தர வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1964-லேயே உடன்படிக்கை கொண்டுவந்ததும் அதே பாடத்தில்தான் தெரிந்தது. அப்போதுதான் நம்ம தி.நகர் கண்ணில் பட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

கோழிக்கோடு கடைப் பெண்கள் போராடிய பிறகு, கேரளா 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. அடுத்து தமிழ்நாடு. 2021-ல், 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

நடைமுறையில்?

நாள் முழுக்க நின்றால் முதுகுவலி, கால் வீக்கம், நரம்பு சுருட்டல் வரலாம். சமீபத்தில் ஒரு ஜவுளிக் கடையில், "நீங்களும் உட்காருங்கக்கா" என்றேன். பக்கத்திலேயே காலி ஸ்டூல் இருந்தது. அவர் சிரித்துவிட்டு, சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். உட்காரவில்லை.

சட்டம் ஸ்டூல் வரைக்கும் வந்துடுச்சு. உட்கார்ந்தா திட்டு விழாதுங்கிற நம்பிக்கைதான் இன்னும் வரலை. அடுத்த முறை நீங்களும் கேட்டுப் பாருங்க, சூப்பர்வைசர் காதில் விழுற மாதிரி.