‘மேனிஃபோல்டைக் கழட்டணும் சார்!’ - மெக்கானிக் சொன்னதும் தலையாட்டலாமா?

“இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி கிளீன் பண்ணணும் சார். வண்டி ஒரு நாள் இங்கேயே நிக்கட்டும்.”

பழைய டீசல் கார் வாங்கியவர்கள் என்றாவது ஒருநாள் கேட்கப்போகும் வசனம் இது. மாருதி சுஸுகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் 1,248 சிசி இன்ஜின் கொண்ட ஸ்விஃப்ட், டிசையர் டீசல்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மெக்கானிக் சொல்லும் வேலை நிஜமாகவே தேவையா, இல்லை பில்லை ஏற்றும் வித்தையா?

உள்ளே எது அடைக்கிறது?

ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் இன்டேக் மேனிஃபோல்டு. வெறும் காற்று போகும் பாதை எப்படி அழுக்காகும்?

காரணம், இ.ஜி.ஆர். வால்வு. சைலன்சருக்குப் போக வேண்டிய புகையில் ஒரு பகுதியை இது இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும். அதனால் சிலிண்டருக்குள் வெப்பம் குறைந்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதும் குறையும். நல்ல விஷயம்தான். ஆனால், இன்ஜினுக்குள் கிளம்பும் ஆயில் ஆவியும் அதே இன்டேக்குக்குத்தான் வருகிறது. புகைக்கரியும் ஆயிலும் சேர்ந்தால் தார் மாதிரி பசை. நாள்பட காற்றுப் பாதையே சுருங்கிவிடும். இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஆபீஸ் போய்வரும் வண்டிகளில் இது சீக்கிரம் படியும்.

முதலில் ஸ்கேனர், அப்புறம்தான் ஸ்பேனர்

பிக்கப் இல்லை, கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு. அடைப்புக்கு இவைதான் அறிகுறி. சிக்கல் என்னவென்றால், டர்போ ஹோஸ் கிழிந்தாலும், இன்ஜெக்டர் கெட்டாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். எனவே ஸ்கேன் செய்து கோடு பார்க்கச் சொல்லலாம். இ.ஜி.ஆர். வால்வை மட்டும் கழற்றினாலே உள்ளே எவ்வளவு படிந்திருக்கிறது என்பது ஓரளவு தெரியும். அதை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. வெறும் கிலோமீட்டர் கணக்கைக் காட்டி ‘கிளீன் பண்ணிடலாம்’ என்றால் அவசரப்பட வேண்டாம்.

கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் விஷயம்

இன்ஜின் நன்றாக ஆறியதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதில் வேலை தொடங்கும். ஹோஸ், சென்சார் கனெக்டர், இ.ஜி.ஆர். பைப் என ஒவ்வொன்றாக வெளியே வரும். பல கார்களில் டீசல் லைன்களும் குறுக்கே நிற்கும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யலாம் என்ற ஆசையை இங்கே விட்டுவிடலாம். இன்ஜின் ஓடும்போது அந்த லைனில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பதோ சுமார் 2 பார்தான்.

மேனிஃபோல்டு வந்தவுடன் சிலிண்டர் ஹெட்டில் தெரியும் துவாரங்களைச் சுத்தமான துணியால் மூடியாக வேண்டும். ஒரு நட் உள்ளே விழுந்தால் போதும், இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் நல்லது. இரும்பில் சுரண்டி அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியாகக் காற்று கசியும்.

மாட்டும்போது புது கேஸ்கெட். போல்ட்களை நடுவில் ஆரம்பித்து இரு ஓரங்களை நோக்கி, டார்க் ரெஞ்ச் வைத்து, படிப்படியாக முறுக்க வேண்டும். பில்லில் கேஸ்கெட்டுக்குத் தனி வரி இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். வண்டியை எடுத்த பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் ‘உஸ்’ என்ற சத்தமும் பிக்கப் குறைவும் இருந்தால், எங்கோ கசிகிறது. அன்றே திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

‘அடைச்சிடலாம் சார்’

சில ஒர்க்‌ஷாப்களில் இன்னொரு யோசனையும் வரும். இ.ஜி.ஆர். பாதையைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் கரியே படியாது என்பார்கள். பெருமளவு உண்மை. பல கார்களில் ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியும், அதை அணைக்க கம்ப்யூட்டர் புரோகிராமிலும் கைவைப்பார்கள். டீசல் காருக்கான பொல்யூஷன் டெஸ்ட் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. அதனால் சர்டிபிகேட் கிடைத்துவிடும். கூடுதலாக வெளியேறும் அந்த வாயு, சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரரின் மூச்சுக்குள் போகும்.