ஒரு மில்லி ஆம்பியரும் பெரியப்பாவின் தலையும்

லேபில் மில்லி ஆம்பியர் என்றால் நமக்கெல்லாம் ஓர் இளக்காரம். அது மூளைக்குள் என்ன வேலை செய்கிறது என்பது எங்க பெரியப்பாவால்தான் எனக்குத் தெரிய வந்தது.

தலைசுற்றலுக்கு ஸ்கேன் எடுத்தார். காரணம் காதில் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி: மூளையின் முன்பக்கத் தமனி ஒன்றில் 4 மி.மீ. புடைப்பு. இதன் பெயர் அனியூரிசம். சைக்கிள் டயர் நைந்து ஓரிடத்தில் வயிறு தள்ளுமே, அதே கதைதான். "வெடிச்சா என்னடா ஆகும்?" என்றார் பெரியப்பா. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது 1937-ல் வால்டர் டாண்டி செய்து காட்டிய முறை, இன்றும் உண்டு. திறக்காமலும் செய்யலாம். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே மூளைவரை செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருள்களை அடைப்பார்கள். ரத்தம் உறைந்து புடைப்பு மூடிக்கொள்ளும்.

சரி, சுருளை உள்ளே விட்டுவிட்டு, தள்ளிய கம்பியை மட்டும் வெளியே எடுப்பது எப்படி? இங்கேதான் நம்ம பாடம் வருகிறது! இத்தாலிய டாக்டர் குய்டோ குல்யெல்மி, மின்சாரத்தால் ரத்தத்தை உறைய வைக்கப் பார்த்தபோது மின்முனையின் நுனி கரைந்து அறுந்துபோனது. நாமாக இருந்தால் 'எக்ஸ்பெரிமென்ட் ஃபெயில்' என்று எழுதியிருப்போம். அவர் அதையே உபாயமாக்கினார். எஃகுக் கம்பியை நேர்முனையாக்கி 1 மில்லி ஆம்பியர் டி.சி. செலுத்தினால், சுருளோடு சேரும் இடத்தில் எஃகு மின்பகுப்பில் கரையும், பிளாட்டினம் கரையாது. சில நிமிடத்தில் சுருள் தனியே கழன்றுவிடும். 1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். அமெரிக்க அரசின் அனுமதி 1995-ல் வந்தது.

புடைப்புக்குள் நுழையாமலே தமனியில் வலைக்குழாய் பொருத்தி, ரத்த ஓட்டத்தைத் திருப்பும் முறையும் இப்போது இருக்கிறது. 'பைப்லைன்' என்ற வலையில் 48 இழைகள். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடணும்.

இவ்வளவும் படித்துவிட்டு, "உடனே சுருள் வெச்சிடலாமா சார்?" என்று டாக்டரிடம் துள்ளினேன். அவர் சிரித்தார். 2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பக்கத் தமனிகளில் 7 மி.மீ.க்குக் குறைந்து, முன்பு ரத்தக்கசிவே இல்லாதவர்களில் 5 வருடத்தில் ஒன்றுகூட வெடிக்கவில்லையாம். சிகிச்சையிலோ சிறு ஆபத்து உண்டு. மிகச் சின்னப் புடைப்பில் சுருள் நுனியே குத்திவிடலாம். வயது, புடைப்பின் வடிவம், இடம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் முடிவாம். "வளருதான்னு பார்ப்போம். பிரஷர் மாத்திரையை விடாதீங்க. பீடியை இன்னிக்கே விடுங்க" என்றார்.

முப்பது வருஷப் பீடிக்கட்டை பெரியப்பா அங்கேயே குப்பைக்கூடையில் போட்டார். அடுத்த ஸ்கேன் தை மாதம்.