கடலூரில் விடுதிகள் எங்கே எழ வேண்டும்?

ஆவணி மாத முகூர்த்த நாள் ஒன்றில் விடியற்காலை 4 மணிக்குச் செம்மண்டலம் சந்திப்பில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். பட்டுப்புடவைகளும் மல்லிகைச் சரங்களுமாக நிறைந்த வேன்கள் புதுச்சேரிப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றில் இருப்பவர்களில் பலர் புதுச்சேரிக்காரர்கள் அல்லர். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நடக்கும் திருமணத்துக்காகச் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் முந்தைய நாளே வந்து, கடலூரில் அறை கிடைக்காமல், 20 கிலோமீட்டருக்கு அப்பால் உறங்கி எழுந்து வருபவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுத் திருமணமும் அந்தக் கோயிலில்தான் நடந்தது. உறவினர்களில் பாதிப் பேரைப் புதுச்சேரியில் தங்கவைத்தோம். எண்பது வயதைக் கடந்த பெரியப்பா வந்த வண்டி ஆல்பேட்டை அருகே நெரிசலில் சிக்கியது. அவர் கோயில் வாசலை அடைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது.

கடலூர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்த ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,73,636 பேர் வாழ்ந்த இந்நகரம், 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆயினும் இங்கே ‘ஓட்டல்’ என்ற சொல்லுக்கு இன்றும் சாப்பிடும் இடம் என்பதே முதற்பொருள். படுத்துறங்கும் இடம் என்றால் ‘லாட்ஜ்’ என்று தனியே சொல்ல வேண்டும். விடுதிகள் போதவில்லை என்பதில் இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவை எங்கே எழ வேண்டும் என்ற கேள்வியைத்தான் நாம் இன்னும் முறையாகக் கேட்கவில்லை. அதைக் கேட்காவிட்டால், நிலம் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே அவை எழுந்துவிடும். பிறகு அவற்றை இடம் மாற்ற இயலாது.

இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். கடலூருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் கடற்கரையைப் பார்க்க வருபவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. நீதிமன்ற வாய்தாவுக்கும் ஆட்சியர் அலுவலக வேலைக்கும் மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து வருபவர்கள் உண்டு. அரசுத் தலைமை மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் உண்டு. போட்டித் தேர்வுக்கு முதல் நாள் இரவே வந்து சேரும் இளம்பெண்கள் உண்டு. சிப்காட் ஆலைகளுக்கும் நெய்வேலிக்கும் பணி நிமித்தம் வரும் பொறியாளர்கள் உண்டு. சிதம்பரத்திலோ ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம், சிவராத்திரியையொட்டிய நாட்டியாஞ்சலி ஆகியவற்றுக்குக் கூட்டம் வருகிறது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு முழுவதும் பெற்றோரும் மாணவரும் வருகின்றனர். அண்ணாமலை நகரில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகளோடு உறவினரும் வருகின்றனர்.

இவர்களுள் பெரும்பாலோர் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்கள். சொந்த வாகனம் இல்லாதவர்கள். ஓரிரவு தங்கி, காலையில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியவர்கள். விடுதிக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை. வந்த வேலை நடக்கும் இடத்துக்கு நடந்தோ சிறிது நேர ஆட்டோ பயணத்திலோ போய்விட வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் நீடாமங்கலம், ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களில் சத்திரங்களை எழுப்பினார்கள். நடந்து களைத்தவர் இளைப்பாறும் தொலைவு, குடிக்க நீர், பாதையோரத்து ஊர் ஆகியவற்றை எண்ணியே சத்திரத்துக்கு இடம் பார்த்தார்கள். சிதம்பரத்துத் தேர் வீதிகளைச் சுற்றி மடங்களும் சத்திரங்களும் அமைந்ததும் இதே காரணத்தால்தான். யாத்திரிகரின் கால்களே அன்று கட்டடத்தின் இடத்தைத் தீர்மானித்தன.

இன்று முதலீட்டாளரை ஈர்க்கும் இடங்கள் மூன்று: கடற்கரை, ஆற்றங்கரை, நான்குவழிச் சாலை.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறிவந்த கரை அது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்ததும் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலப்பகுதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருப்பது காரணமின்றி அன்று. விதியை மீறிக் கட்டியவற்றின் கதி என்ன என்பதற்குக் கேரளம் சான்று. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் எழுந்த சொகுசு விடுதியை இடிக்கும் உத்தரவை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2022-இல் இடிப்பு தொடங்கியது. முதலீடு வீணானதோடு காயலும் காயப்பட்டது.

ஆற்றங்கரையின் அபாயம் இன்னும் நெருக்கமானது. வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே உப்பனாறும் பரவனாறும் என்று நீரால் பின்னப்பட்ட ஊர் கடலூர். எங்கோ மலைப்பகுதியில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து கடலில் கலக்க வேண்டும். 2015 வெள்ளத்தை இம்மாவட்டம் மறந்திருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறக்கப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. செம்மண்டலத்தில் வசிக்கும் எனக்கு அந்த ஆறு தொலைவிலுள்ள ஒன்றன்று. கரையோர மனை ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பது இங்குள்ளோர் அனைவருக்கும் தெரியும். அதைத் தெரியாமல் வாங்குபவர் வெளியூர் முதலீட்டாளர். தெரியாமல் தங்குபவர் வெளியூர் விருந்தினர். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். முதல் நாள் மாலை வந்திறங்கியவருக்குத் தெரியாது.

மூன்றாவது, நான்குவழிச் சாலை. பூண்டியாங்குப்பம் முதல் சட்டநாதபுரம் வரையிலான 57 கிலோமீட்டர் சாலை 2025 ஏப்ரல் 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சாலை விரிந்ததும் அதன் இருமருங்கிலும் விடுதிகளைக் கற்பனை செய்வது இயல்பே. வழிப்போக்கருக்கும் சரக்குந்து ஓட்டுநருக்கும் அங்கே சில தங்குமிடங்கள் தேவை. ஆனால் நகரத்தின் விடுதிகளே அங்கு போய்விட்டால், பேருந்தில் வந்தவர் இரவில் ஆட்டோவுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துப் போக வேண்டும், விடிந்ததும் மீண்டும் கொடுத்துத் திரும்ப வேண்டும். விருந்தினர் செலவழிக்கும் பணமும் ஊருக்குள் வராது. டீக்கடை, பூக்கடை, சலவைக்கடை, மருந்துக்கடை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு விடுதியால் சிறிது வருவாய் உண்டு. விடுதி ஊரைவிட்டுப் போனால் அந்த வருவாயும் போகும்.

அப்படியானால் எங்கே? கடலூரைப் பொறுத்தவரை, அண்ணா பாலத்தின் இரு பக்கங்களிலும் என்பது என் பதில். பாலத்துக்கு வடக்கே மஞ்சக்குப்பத்தில் அலுவலகங்களும் மருத்துவமனையும் உள்ளன. தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பாடலீசுவரர் கோயிலும் அருகருகே உள்ளன. கெடிலக் கரையை ஒட்டிய பள்ளங்களைத் தவிர்த்து, வெள்ளத்தில் நீர் தேங்காத தெருக்களில், நாற்பது ஐம்பது அறைகள் கொண்ட நடுத்தர விடுதிகள் பத்து எழுந்தால் போதும். நானூறு அறைகள் கொண்ட ஒற்றை மாளிகை இவ்வூருக்குத் தேவையில்லை. திருவந்திபுரத்துக்குத் தேவை வேறு வகை. ஒரு குடும்பமோ ஒரு சுற்றமோ சேர்ந்து தங்கத்தக்க கூடங்களும், ஒரு சில அறைகளும், அதிகாலையில் வெந்நீரும் இருந்தால் அங்கே வருவோர் மனம் நிறைந்து போவார்கள்.

புதிய பேருந்து நிலையத்தை எங்கே அமைப்பது என்று கடலூரில் சில ஆண்டுகளாக வாதம் நடந்துவருகிறது. எம்.புதூருக்கு அதைக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்ததை வாசகர்கள் அறிவார்கள். பேருந்து நிலையம் நகரும் திசையில்தான் விடுதிகளும் நகரும். ஆகவே இவ்விரண்டையும் தனித்தனி முடிவுகளாக எடுப்பது பொருந்தாது.

சிதம்பரத்தின் அமைப்பு இன்னும் எளிது. ரயில் நிலையத்துக்கு மேற்கே கோயில், கிழக்கே பல்கலைக்கழகமும் மருத்துவமனையும். எனவே நிலையத்துக்கும் தேர் வீதிகளுக்கும் இடைப்பட்ட பகுதியே விடுதிகளுக்கு உகந்தது. இருவகைப் பயணிகளுக்கும் அது பொது. ஆனால் கோயிலை நெருங்க நெருங்கக் கட்டடத்தின் உயரம் தாழ வேண்டும். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. நான்கு கோபுரங்களைக் கொண்டே வழி அறியும் ஊரில் விடுதியின் விளம்பரப் பலகை கோபுரத்தை மறைப்பது தகாது.

கட்டாமல் விட வேண்டிய இடங்களும் உண்டு. பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பகலில் படகேறி, மாலையில் திரும்பி, இரவில் சிதம்பரத்தில் தங்கலாம். இரண்டுக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர்தான். நீர்விளிம்பில் விடுதி வந்தால், கழிவுநீரும் இரவு விளக்குகளும் எதைப் பார்க்க மக்கள் வருகிறார்களோ அதையே அழித்துவிடும். வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபையைச் சூழ்ந்த பெருவெளியும் அத்தகையதே. அங்கே சர்வதேச மையம் கட்டும் திட்டத்துக்கு 2024-இல் எழுந்த எதிர்ப்பு, வெற்றிடமாகத் தோன்றுவது எல்லாம் வெற்றிடம் அல்ல என்பதை உணர்த்தியது. தைப்பூச ஜோதி தரிசனத்துக்குத் திரளும் மக்கள் நிற்பதற்கான இடம் அது.

நகருக்குள் நிலத்தின் விலை அதிகம், தெருக்கள் குறுகல், வண்டி நிறுத்த இடமில்லை என்று முதலீட்டாளர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வழியும் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டர் வரையிலான கட்டடம் அடுக்குமாடி உயர்கட்டட வகையில் சேராது. நடுத்தர விடுதிக்கு அந்த உயரமே போதும். மாநகராட்சி தன் நிலங்களில் சிலவற்றை நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். பல விடுதிகளுக்குப் பொதுவான வாகன நிறுத்துமிடம் ஒன்றை அமைக்கலாம். 2023-இல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை இத்துறைக்குத் தொழில் தகுதியை வழங்கியிருக்கிறது. அதையொட்டிய சலுகைகளை இடத்தோடு இணைக்க வேண்டும். நகருக்குள், மேட்டு நிலத்தில் கட்டுபவருக்கு முழுச் சலுகை. வெள்ளப் பகுதியில் கட்டுபவருக்கு ஒன்றும் இல்லை.

குத்தகைக்குக் கைம்மாறாக ஒன்றையும் கேட்கலாம். ஒவ்வொரு விடுதியிலும் சில படுக்கைகள் மருத்துவமனைத் துணையாளர்களுக்கும் தேர்வெழுத வரும் பெண்களுக்கும் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கப்பட வேண்டும். அறுவை சிகிச்சைக்காகக் கணவனைச் சேர்த்துவிட்டு மருத்துவமனை வராந்தாவில் முந்தானையை விரித்துப் படுக்கும் பெண்ணும் இந்நகரின் விருந்தினர்தான். அவரை எந்தச் சுற்றுலாக் கணக்கும் விருந்தினராக எண்ணுவதில்லை.

கடலூரும் சிதம்பரமும் இனிதான் பெருகப் போகின்றன. விடுதிகள் கட்டப்படத்தான் போகின்றன. அனுமதி வழங்கும் மேசையில் நிலப் பத்திரத்தோடு இன்னும் இரண்டு தாள்கள் இருக்கட்டும். ஒன்று, 2015-லும் 2024-லும் நீர் நின்ற இடங்களைக் குறித்த வரைபடம். மற்றொன்று, அவ்விடத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் உள்ள நடைத்தொலைவு. என் பெரியப்பாவைப் போன்ற ஒருவர், கைத்தடியோடு, முகூர்த்த நேரம் தவறாமல் போய்ச் சேர முடியுமா என்பதை அந்த இரண்டு தாள்களும் சொல்லிவிடும்.