மூவர் கையில் ஹார்ட் டிஸ்க் சந்தை

விலை ஏறுவதும் இறங்குவதும் பதுளை வியாபாரிகளுக்குப் புதிதல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல கேள்வியும் ஏற்படுகிறது. அந்த ஏலத்தில் விற்பவரும் பலர், வாங்குபவரும் பலர். நமது நகரக் கணினிக் கடைகளில் விற்பனையாகும் ஹார்ட் டிஸ்க்கின் கதையோ வேறு. இன்று உலகில் அதைத் தயாரிப்பவர்கள் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தொஷிபா.

ஒரு காலத்தில் பல டசின் கம்பனிகள் இத்துறையில் இருந்தன. கடும் போட்டியால் விலை குறைந்தது, இலாபமும் மெலிந்தது. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளியேறினர். மெக்ஸ்டரை 2006இலும், சாம்சுங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011இலும் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் சென்றது.

விற்பவர் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளம் காட்டியது. அயுத்தயா மாகாணத்திலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. சீகேட்டின் தொழிற்சாலைகள் தப்பின. ஆனால் உதிரிப்பாகம் வழங்குவோர் பாதிக்கப்பட்டதால் அதற்கும் தட்டுப்பாடு. சில வாரங்களில் பல ரகங்களின் விலை இரு மடங்கானது. அந்த டிசம்பரில் இரு கம்பனிகளும் பல ரகங்களுக்கு உத்தரவாதக் காலத்தையும் குறைத்தன. வாங்குவோருக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

அதன்பின் கேள்வியும் மாறியது. 2010இல் உலகில் சுமார் 65 கோடி ஹார்ட் டிஸ்க்குகள் விற்பனையாகின. 2023இல் சுமார் 12 கோடி. மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பெரிய தரவு நிலையங்கள் அதிக கொள்ளளவு ரகங்களை மொத்தமாக வாங்குகின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தேவை பெருகியதால் 2025இன் பிற்பகுதியில் ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டின் விலையுமே உயர்ந்தன. பெரிய கொள்வனவாளருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே சிறு கடைகளுக்கு வருகிறது.

நமது வியாபாரிகள் செய்யக்கூடியது என்ன? தோட்ட அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ விலைமனு கொடுக்கும்போது அது எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று எழுதிக் கொடுங்கள். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை மறந்துவிடக் கூடாது. விலை ஏறுகிறதே என்று கடன்பட்டுச் சரக்கை நிரப்பாதீர்கள். தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கியதும் விலை இறங்கினால் நட்டம் உங்களுக்கே. உத்தரவாதம் எவ்வளவு காலம், யார் பொறுப்பு என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

விலையில் கொழும்பு யூனிட்டி பிளாசாக் கடைகளை வெல்வது கடினம். ஆனால் பசறையிலோ மடுல்சீமையிலோ இருப்பவர் பழுதான ஒரு டிஸ்க்குக்காக 200 கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க விரும்பமாட்டார். பழைய டிஸ்க்கிலுள்ள கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக் கொடுப்பதும், பழுதானதை உடனே மாற்றித் தருவதும் நம்மால் முடிந்தவை. விலையைத் தீர்மானிப்பது அந்த மூவராக இருக்கலாம். சேவையைத் தீர்மானிப்பது நாம்தான்.