தலையணை உறையில் 600 வருடப் பூக்கொடி

கிராஸ் ஸ்டிச் போட்ட தலையணை உறைகளை விற்று வருகிறேன். இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளின் ஓரத்தில் படரும் பூக்கொடிகள் மீது எனக்கு ஒரு கண். இணையத்தில் முதலில் கிடைத்த படத்தை வைத்துப் பாதி உறை தைத்த பிறகுதான், 'வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று அந்தத் தளத்தின் அடியில் இருந்ததைக் கவனித்தேன். வரைந்தவர் இறந்து 600 வருடமானால் என்ன, படத்தை வெளியிட்டவர் நிபந்தனை போடுகிறாரே! தைத்ததைப் பிரித்தேன்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்தத் தொல்லை இல்லை. காப்புரிமை இல்லாத ஓவியங்களின் படங்களை, வியாபாரத்துக்கும் சேர்த்து, 2017-ல் திறந்துவிட்டார்கள். அதன் தளத்தில் ஆங்கிலத்தில் 'மேனுஸ்கிரிப்ட்' என்று தேடி, 'ஓப்பன் அக்சஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 'பப்ளிக் டொமைன்' குறியைப் பார்த்த பிறகே டவுன்லோட் செய்யுங்கள். பிரான்சின் பெரி பிரபுவுக்காக லிம்பர்க் சகோதரர்கள் 1409 வாக்கில் முடித்த ஜெபப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் கொடியை மட்டும் வெட்டி, அகலத்தை 140 பிக்ஸல் ஆக்கினேன். இமேஜ் மெனுவில் மோட், அதில் இண்டெக்ஸ்ட் போய் நிறங்களை 12 ஆகக் குறைத்தேன். ஒரு பிக்ஸலுக்கு ஒரு தையல். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் 10 அங்குலம் வரும். மூலப் படத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க இலைகளுக்கு மஞ்சள் நூல்தான் போட்டேன். ஜரிகை நூல் ஊசிக் காதில் பிரிந்து உயிரை வாங்குகிறது.