பணி முன்னே, பணம் பின்னே

வீட்டைப் புதுப்பிக்க ஒப்பந்ததாரரை அமர்த்தும் வாடிக்கையாளர்களுக்கு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்றனர் முன்னோர். கட்டிய வீட்டில் குடியிருந்துகொண்டே அதைப் புதுப்பிப்பது இவ்விரண்டுக்கும் குறைந்த சோதனையன்று. புதிய மனையில் எழும் கட்டடத்திற்கு வரைபடம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுப் பழமையான வீட்டின் சுவருக்குள் எந்தக் குழாய் துருப்பிடித்துள்ளது, எந்த மின்கம்பி கருகியுள்ளது என்பது உடைத்துப் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது.

இதற்காகச் செலவிடப்படும் பணமும் எளிதில் வந்ததன்று. பணிக்கொடைத் தொகை, முதிர்வடைந்த நிலை வைப்பு, மகளின் திருமணத்திற்குப் பின் எஞ்சிய சேமிப்பு ஆகியவையே பல குடும்பங்களில் சமையலறையாகவும் குளியலறையாகவும் மாறுகின்றன. பணி பாதியில் நிற்க, அவசரக் கடன் கேட்டு வங்கிக் கிளைக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள்? இதுவரை எவ்வளவு பணி முடிந்துள்ளது? இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவே பெரும்பாலும் அவர்களுடைய துன்பத்தின் அளவாக இருக்கிறது.

முதலில் பட்டியல், பிறகு விலை

ஒப்பந்ததாரரை அழைப்பதற்கு முன்பே, செய்யவேண்டிய பணிகளை அறைவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘குளியலறையைப் புதுப்பித்தல்’ என்பது பணியின் தலைப்பு மட்டுமே. பழைய டைல்ஸ்களை அகற்றுதல், குழாய்களை மாற்றுதல், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, தரை மற்றும் சுவர் டைல்ஸ் பதித்தல், சாதனங்களைப் பொருத்துதல், இடிபாடுகளை அப்புறப்படுத்துதல் எனப் பிரித்து எழுதுவதே பட்டியலாகும்.

அதே பட்டியலை மூவரிடம் கொடுத்து மதிப்பீடு பெறுவது நலம். ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். மற்றொருவர் ஒவ்வொரு பணிக்கும் தனி விலை குறிப்பார். புதுப்பிப்புப் பணிக்கு இரண்டாவது முறையே தெளிவானது. மிகக் குறைந்த தொகையைக் கண்டு மகிழ்வதற்கு முன், அதில் என்னென்ன விடுபட்டுள்ளன எனப் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஒப்பந்ததாரர், பொருளும் கூலியும் சேர்ந்த இத்தகைய பணிக்குப் பொதுவாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. விதிப்பார். எட்டு லட்சம் ரூபாய்ப் பணியில் இது மட்டும் 1,44,000 ரூபாய். வரி உட்பட்ட தொகையா, வரி நீங்கிய தொகையா என்று கேளாமல் விடுவது பெரும் பிழையாகும்.

ஆளை அறிதல்

நேற்று முடிந்த வேலை எல்லோருடையதும் பளபளக்கும். ஓராண்டுக்கு முன் அவர் முடித்துக்கொடுத்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலத்தைக் கடந்த சுவரும், நாள்தோறும் நனையும் குளியலறை மூலையும் அவரது தரத்தைச் சொல்லும். அவ்வீட்டாரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ‘குறை சொல்லி அழைத்தபோது வந்தாரா?’ ஜி.எஸ்.டி. எண் இருப்பதாகக் கூறினால், அந்த எண் யார் பெயரில் உள்ளது, நடப்பில் உள்ளதா என்பதை ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே எவரும் சரிபார்க்கலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

தெரிந்தவர், உறவினர் அனுப்பியவர் என்பதற்காக ஒப்பந்தம் எழுதாமல் இருக்க வேண்டாம். பணிப் பட்டியல், பொருள்களின் பெயரும் தரமும், தொடங்கும் நாள், முடியும் நாள், தாமதமானால் என்ன செய்வது, குறைகளை எத்தனை மாதங்கள்வரை இலவசமாகச் சரிசெய்வது, பணியாளர் காயமுற்றால் இழப்பீட்டுக்கான காப்பீடு யார் பொறுப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ‘நல்ல ஒட்டுப்பலகை’ என்று எழுதினால் எதுவும் நல்லதாகிவிடும். சமையலறைக்கு, நீர் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பலகை என்று எழுதினால் வாதத்திற்கு இடமில்லை.

அடுக்குமாடியில் வசிப்போர் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் பெறவேண்டும். எந்தச் சுவர் கட்டடத்தின் சுமையைத் தாங்குகிறது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லாமல் எந்தச் சுவரிலும் சுத்தியல் படக்கூடாது. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க மாதிரித் துணை விதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடத்திற்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் கட்டமைப்புத் தணிக்கையை வலியுறுத்துகின்றன. அத்தகைய அறிக்கை உங்கள் சங்கத்தில் இருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

தவணைகளே உங்கள் காவல்

வீட்டுக் கட்டுமானக் கடனை வங்கிகள் ஒரே நாளில் முழுமையாக வழங்குவதில்லை. பணி வளர வளர, பார்வையிட்டுத் தவணைகளாக விடுவிக்கின்றன. தங்கள் பணத்திற்கு வங்கிகள் கடைப்பிடிக்கும் இவ்விதியை வாடிக்கையாளர்களும் தங்கள் பணத்திற்குக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

எட்டு லட்சம் ரூபாய் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே பாதித் தொகை, அதாவது நான்கு லட்சம் கொடுக்கப்படுகிறது. ஒரு லட்சம் பெறுமான பணி முடிந்த நிலையில் ஆட்கள் வரவில்லை. அப்போது மூன்று லட்சம் ரூபாய் உங்கள் கையில் இல்லை. உடைந்த குளியலறை மட்டும் இருக்கிறது. பிறர் பாதியில் விட்ட வேலையைத் தொட மற்றொருவர் தயங்குவார். தொட்டால் கூடுதல் விலை கேட்பார்.

அதே தொகையை இவ்வாறு பிரிக்கலாம்:

ஒப்பந்தம் கையெழுத்தானதும் 10 சதவீதம்: 80,000 ரூபாய்.
இடிப்பு, குழாய், மின்கம்பிப் பணிகள் முடிந்து சோதித்த பின் 25 சதவீதம்: 2,00,000 ரூபாய்.
நீர்க்கசிவுத் தடுப்பு, பூச்சு, டைல்ஸ் முடிந்த பின் 30 சதவீதம்: 2,40,000 ரூபாய்.
தச்சுவேலையும் சாதனங்களும் பொருத்திய பின் 20 சதவீதம்: 1,60,000 ரூபாய்.
வண்ணப்பூச்சு முடிந்து குறைகள் களைந்த பின் 10 சதவீதம்: 80,000 ரூபாய்.
ஒரு மழைக்காலம் கடந்த பின் எஞ்சிய 5 சதவீதம்: 40,000 ரூபாய்.

பொருள் வாங்க முன்பணம் வேண்டும் என ஒப்பந்ததாரர் கேட்பது நியாயமே. அப்போது கடைக்கே நேரடியாகப் பணம் செலுத்தி, ரசீதை உங்கள் பெயரில் பெறுங்கள். உத்தரவாதமும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

தவணை தருமுன் பார்த்தறிய வேண்டியவையும் உண்டு. குழாயும் கம்பியும் பூச்சுக்குள் மறையுமுன் ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஓர் ஆணி அடிக்கும்போதும் அது உதவும். டைல்ஸ் பதிக்குமுன் குளியலறைத் தரையில் நீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவைத்து, கீழ்த்தளத்தின் மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா எனப் பாருங்கள். சிமென்ட் பூச்சுக்கு ஏழு நாள்களேனும் நீராற்றல் வேண்டும். அவசரத்தில் அதைக் குறைத்தால் விரிசலாகத் திரும்பி வரும்.

இடையில் தோன்றும் மாற்றங்களே செலவை ஏற்றுகின்றன. ‘இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னது இறுதிக் கணக்கில் விலையோடு வரும். மாற்றம் எதுவாயினும் முதலில் விலை, பிறகு உங்கள் ஒப்புதல், அதன்பின் வேலை. கைப்பேசியில் அனுப்பும் ஒரு செய்தியும் சான்றாகும். எதிர்பாராதவற்றுக்கென மதிப்பீட்டில் 10 முதல் 15 சதவீதம் தனியே ஒதுக்கி வைப்பது, நடுவழியில் கூடுதல் வட்டியில் தனிநபர் கடன் தேடுவதைத் தவிர்க்கும்.

சட்டமும் வரியும்

ஒரே பணிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே செலுத்தினால் அதுவே உங்கள் சான்றாகவும் அமையும். ஓர் ஒப்பந்ததாரருக்கு ஒரு நிதியாண்டில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் செலுத்தும் தனிநபர் வரி பிடித்தம் செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இது 2 சதவீதம். தாம் குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கப் பெற்ற கடனின் வட்டிக்கு, பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை மட்டுமே கழிவு உண்டு. வீடு வாங்கும் கடனுக்குரிய 2 லட்சம் ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது.

பேச்சுவார்த்தை பயனளிக்காதபோது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை நிற்கிறது. வீட்டுக் கட்டுமானத்தையும் அது சேவையாகக் கருதுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அங்கே பேசப்போவது உங்கள் ஒப்பந்தமும், ரசீதுகளும், புகைப்படங்களுமே.

இரு பக்கக் கடமை

நிறைவாக ஒன்று. கொத்தனாருக்கும் உதவியாளருக்கும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டியவர் ஒப்பந்ததாரர். குறித்த கட்டம் செம்மையாக முடிந்த பின்னும் தவணையை இழுத்தடித்தால் அடுத்த திங்களன்று ஆட்கள் வேறு வீட்டுக்குச் சென்றுவிடுவர். பணி முடியுமுன் பணம் தராதிருப்பது உங்கள் உரிமை. பணி முடிந்த அன்றே தருவது உங்கள் கடமை. இவ்விரண்டையும் காப்பவர்களின் வீடுகளில் வேலையும் முடிகிறது, அடுத்த மழையில் அழைத்தால் ஒப்பந்ததாரரும் வருகிறார்.